உலோகக் கண்டறிவி வாங்குவதும் சுருதி சேர்ப்பதும்: ஆழமா, அமைதியா?

மண்வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய நாணயங்கள், பொத்தான்கள், கொக்கிகள் போன்றவற்றைத் தேடும் பொழுதுபோக்கில் இறங்க எண்ணியிருக்கிறேன். நெடுங்காலமாக உழப்பட்டுவந்த சில வயல்களில் தேடுவதற்கு உரிமையாளரின் அனுமதி கிடைத்திருக்கிறது; அவ்வப்போது கடற்கரைக்கும் செல்ல விருப்பம் உண்டு. ஆனால் கருவிகளைப் பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது. ஒருவர் 12 கிலோஹெர்ட்ஸ் கருவி எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார். இன்னொருவர் பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்காத கருவியைத் தொடவே கூடாது என்கிறார். மூன்றாமவரோ பல்ஸ் இண்டக்‌ஷன் தவிர வேறெதுவும் ஆழத்துக்குப் போகாது என்று அடித்துச் சொல்கிறார்.

மிக ஆழத்தில் கிடக்கும் பொருளைக் காட்டக்கூடிய கருவி எது, கருவி கைக்கு வந்தபின் எந்த அமைப்பை முதலில் தொட வேண்டும், நூறு மீட்டர் தொலைவிலிருந்தே தங்கத்தைச் சுட்டிக்காட்டும் என்று விற்கப்படும் கருவிகளில் உண்மை ஏதேனும் உண்டா என்பனவே என் கேள்விகள்.

சுருள்விரும்பி எழுதியது:

நண்பர் மண்வாசகன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தேவையற்ற கருவியோடு திரும்ப வாய்ப்பு அதிகம் என்பதால், ஆழத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

கருவியின் அடியில் உள்ள சுருளிலிருந்து புறப்படும் காந்தப்புலம், சுருளின் அளவைவிடக் கணிசமாக விலகிய தொலைவில், தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அந்தப் புலம் நாணயத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறு புலம் மேலே திரும்பி வரும்போது மறுபடியும் அதே விகிதத்தில் குறைகிறது. போகும் வழியையும் வரும் வழியையும் சேர்த்தால் ஆறாம் மடி. ஆகவே நாணயத்தின் ஆழம் இருமடங்கானால் சுருளுக்குத் திரும்பும் சமிக்ஞை 64இல் ஒரு பங்காகிவிடும். இதையே மறுபுறமாகப் பார்த்தால், அனுப்பும் புலத்தின் வலிமையை இருமடங்காக்கினாலும் ஆழத்தில் கிடைக்கும் ஆதாயம் சுமார் 12 விழுக்காடுதான். 20 சென்டிமீட்டரில் கேட்ட நாணயம் 22 சென்டிமீட்டரில் கேட்கும், அவ்வளவே. ஒரே தலைமுறையைச் சேர்ந்த நல்ல கருவிகளுக்கிடையே ஆழத்தில் உள்ள வேறுபாடு விளம்பரங்கள் சொல்வதைவிட மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். கை விரல் அளவுள்ள இந்த வேறுபாட்டுக்காகப் பணத்தைக் கொட்டுவதைவிட, மண்ணின் இரைச்சலையும் மின்காந்த இரைச்சலையும் அடக்கத் தெரிந்த கருவியைத் தேடுவதே அறிவு. மெல்லிய சமிக்ஞையை உரக்கச் செய்ய எந்தக் கருவியாலும் முடியும்; இரைச்சலிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதில்தான் கருவிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

அடுத்தது அதிர்வெண். வி.எல்.எஃப். (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) வகைக் கருவிகளில் சுமார் 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண், பெரியதும் மின்கடத்தும் திறன் மிக்கதுமான வெள்ளி, செம்பு நாணயங்களுக்கு இணக்கமானது. 18 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற ஏற, மெல்லிய மோதிரம், சிறிய பொத்தான், வெட்டுண்ட நாணயத் துண்டு ஆகியவை கேட்கத் தொடங்கும். தங்கத் துகள் தேடுவோருக்கென்றே வந்த ஃபிஷர் கோல்ட் பக் 2 கருவி 71 கிலோஹெர்ட்ஸில் இயங்கியது. அரிசி மணிக்கும் சிறிய தங்கத்தை அது காட்டும், ஆனால் ஆழமான வெள்ளி நாணயத்துக்கு அது உகந்ததன்று. காரெட் ஏஸ் 300 கருவியின் 8, நோக்டா சிம்ப்ளெக்ஸ் கருவியின் 12, ஃபிஷர் எஃப் 75 கருவியின் 13, காரெட் ஏ.டி. புரோ கருவியின் 15 கிலோஹெர்ட்ஸ் ஆகிய எண்கள் எல்லாம் இந்த இரு எல்லைகளுக்கிடையே செய்துகொள்ளப்பட்ட சமரசங்கள்தான். வயலில் நாணயம் தேடுபவருக்கு 12க்கும் 15க்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாது. அந்த எண்ணுக்காக யாரும் சண்டையிட வேண்டியதில்லை.

மின்பொறி எழுதியது:

சுருள்விரும்பி அவர்கள் கூறியதை ஏற்கிறேன். பல்ஸ் இண்டக்‌ஷன் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

வி.எல்.எஃப். கருவி இடைவிடாமல் ஓர் அலையை அனுப்பிக்கொண்டே, திரும்பி வரும் அலையின் வலிமையையும், அனுப்பிய அலையைவிட அது எவ்வளவு பின்தங்குகிறது என்னும் கட்ட வேறுபாட்டையும் ஒருசேர அளக்கிறது. இலக்கு இரும்பா, தகரத் தாளா, வெள்ளியா என்று அது ஊகிப்பது அந்தக் கட்ட வேறுபாட்டைக் கொண்டுதான். பல்ஸ் கருவியோ குறுகிய மின்துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு, அதை வெட்டிய பிறகு சில மைக்ரோவினாடிகள் காத்திருந்து, உலோகத்தில் எஞ்சியிருக்கும் சுழல் மின்னோட்டம் தேய்ந்து மறைவதைக் கேட்கிறது. கடல்நீரில் எழும் மின்னோட்டம் மிக விரைவாகத் தேய்ந்துவிடுவதால், அந்தக் காத்திருப்பு நேரத்துக்குள்ளேயே உப்பின் சமிக்ஞை மடிந்துவிடும். மேக்னடைட் என்னும் காந்த இரும்புக் கனிமம் நிறைந்த கறுப்பு மணலும் பெரும்பாலும் அடங்கிவிடும். இதனால்தான் கடலோரத்தில் பல்ஸ் கருவிக்குத் தனி மதிப்பு இருக்கிறது. காத்திருப்பை அளவுக்கு மீறி நீட்டினால் மெல்லிய தங்கச் சங்கிலியின் சமிக்ஞையும் உப்போடு சேர்ந்தே மறைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

இதற்கெல்லாம் விலை என்னவென்றால், பல்ஸ் கருவிக்கு இரும்பைப் பிரித்தறியும் ஆற்றல் மிகக் குறைவு. மனிதர் வாழ்ந்து உழுத வயலில் ஆணியும் லாட மிச்சமும் கம்பித் துண்டும் எத்தனை கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முழங்கை ஆழத்தில் குழி தோண்ட நேரும். மூன்றாமவர் சொன்ன ஆழம் உண்மைதான், ஆனால் அந்த ஆழத்திலிருந்து உங்கள் வயலில் மேலே வரப்போவது பெரும்பாலும் ஆணி.

அலைக்கரை எழுதியது:

கடற்கரையைப் பொறுத்தவரை என் கருத்து சற்று மாறுபடுகிறது. காய்ந்த மணலில் எந்தக் கருவியும் வேலை செய்யும். ஈர உப்பு மணலில்தான் சிக்கல் தொடங்குகிறது, ஏனெனில் அங்கே இரண்டு வகையான தரைச் சமிக்ஞைகள் ஒன்றாக வருகின்றன: கறுப்பு மணல் காந்தத் தன்மையால் ஒரு கட்டத்திலும், உப்புநீர் மின்கடத்தும் தன்மையால் வேறொரு கட்டத்திலும் பேசும். ஒற்றை அதிர்வெண் கருவியால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே சமன் செய்ய முடியும். உப்பை அடக்கினால் கறுப்பு மணல் கத்தும், அதை அடக்கினால் உப்பு கத்தும். பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவி, வெவ்வேறு அதிர்வெண்களில் கிடைக்கும் விடைகளை ஒப்பிட்டு இரண்டையும் கழித்துவிடுகிறது. 2018இல் வெளிவந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் இந்த முறையை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்த பிறகு மற்ற நிறுவனங்களும் அதே வழியில் வந்துவிட்டன.

ஆகவே வயலுக்கும் கடற்கரைக்கும் ஒரே கருவி என்று மண்வாசகன் கேட்டால், பல்ஸ் கருவியைப் பரிந்துரைக்க மாட்டேன். பல அதிர்வெண் வி.எல்.எஃப். கருவியைத்தான் சொல்வேன். கடலுக்குச் செல்லவே போவதில்லை என்றால் நல்ல ஒற்றை அதிர்வெண் கருவி போதும், மிச்சமாகும் பணத்தில் சிறிய சுருள் ஒன்றும், குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் கையடக்கப் பின்பாயிண்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று: 'நீர்புகாதது' என்ற சொல்லைக் கண்டு ஏமாற வேண்டாம். பல கருவிகளில் சுருள் மட்டுமே நீரில் மூழ்கலாம், கட்டுப்பாட்டுப் பெட்டி மூழ்கக் கூடாது. எது, எத்தனை மீட்டர் வரை என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நிதானி எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். மண்ணுக்குள் புதைந்த சிறு பொருளை நூறு மீட்டர் தொலைவிலிருந்து காட்டும் கையடக்கக் கருவி எதுவும் கிடையாது. மேலே சுருள்விரும்பி விளக்கிய ஆறாம் மடிக் கணக்கை அந்தத் தொலைவுக்குப் போட்டுப் பார்த்தாலே போதும். அப்படி விற்கப்படுபவை, கையில் பிடித்தால் தானாகத் திரும்புவதுபோல் தோன்றும் ஆண்டெனாக் கம்பியுடன் கூடிய வெற்றுப் பெட்டிகள். பிடித்திருப்பவரின் மணிக்கட்டு அறியாமலேயே சாய்வதால் அந்தக் கம்பி திரும்புகிறது. இதே அமைப்பில் வெடிகுண்டுகளைக் காட்டும் என்று பல நாடுகளுக்கு விற்கப்பட்ட ஏ.டி.இ. 651 என்னும் போலிக் கருவிக்காக, அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு 2013இல் இலண்டன் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. புதையலுக்கென்று விற்கப்படுபவை அந்தக் கருவியின் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளே.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத உண்மையான கருவி ஒன்று உண்டு. ஒரு கம்பத்தின் இரு முனைகளிலும் அனுப்பியையும் ஏற்பியையும் பொருத்திய 'இரட்டைப் பெட்டி' அமைப்பு, ஒரு மீட்டருக்கும் கீழே கிடக்கும் பானை, பெட்டி, குழாய் போன்ற பெரிய பொருள்களைக் காட்டும். அது தனி நாணயத்தைக் காட்டாது. அதனால் பொழுதுபோக்காளருக்கு அரிதாகவே பயன்படும்.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் உரிமம் வேண்டும், சில இடங்களில் கருவியை எடுத்துச் செல்வதே குற்றம், தொன்மைச் சின்னங்கள் உள்ள நிலம் பொதுவாக எங்குமே கூடாது. உரிமையாளரின் அனுமதி மட்டும் இருந்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். குண்டு போன்ற எதையாவது கண்டால் தொடாமல் விலகிச் சென்று காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

மண்வாசகன் எழுதியது:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. என் வயல்களைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்கிறேன். மண் சிவப்பு; காந்தத்தை அதில் புரட்டி எடுத்தால் கறுப்புத் துகள்கள் மயிர்போல ஒட்டிக்கொள்கின்றன. பழைய ஆணிகள் ஏராளம். நான் பார்த்த ஒரு காணொளியில் ஒருவர் நாணயத்தைச் சுருளின் முன்னே காற்றில் அசைத்து, 35 சென்டிமீட்டர் தொலைவிலும் கருவி ஒலிப்பதைக் காட்டினார். என் மண்ணிலும் அதே அளவு கிடைக்குமா? இரும்பை முற்றிலும் ஒலிக்காதபடி நிறுத்திவிட்டால் வேலை எளிதாகிவிடாதா?

இரும்புக்காது எழுதியது:

இரண்டுக்குமே விடை 'இல்லை' என்பதுதான். காரணங்களைச் சொல்கிறேன், சற்று நீளும்.

காற்றில் செய்யும் சோதனையில் மண்ணே இல்லை. நீங்கள் விவரிக்கும் சிவந்த மண்ணில் மேக்னடைட், மேக்ஹமைட் என்னும் காந்தத் தன்மையுள்ள இரும்புக் கனிமங்கள் இருக்கின்றன. அவற்றின் சமிக்ஞை, ஆழத்தில் கிடக்கும் நாணயத்தின் சமிக்ஞையைவிடப் பல மடங்கு பெரியது. தரைச் சமன் செய்து அதைக் கழித்த பிறகும், இடத்துக்கு இடம் மண் மாறுவதால் ஒரு மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். காற்றில் 35 சென்டிமீட்டரில் கேட்டது அங்கே பாதி ஆழத்தில் கேட்டாலே நல்ல கருவி என்பேன். அதைவிட முக்கியமானது, ஆழம் கூடக் கூட, உலோக வகையைக் குறிக்கத் திரையில் வரும் இலக்கு எண் கலங்கி இரும்பின் பக்கம் சாய்ந்துவிடும் என்பது. தெளிவான எண்ணுக்காகக் காத்திருப்பவர் கனிமம் மிகுந்த மண்ணில் மேலோட்டமான பொருள்களை மட்டுமே எடுப்பார்.

இரும்பை ஊமையாக்குவது பற்றி. ஆணியும் நாணயமும் அருகருகே கிடந்தால் கருவி இரண்டையும் ஒரே கலவையாகத்தான் கேட்கிறது. இரும்பை நிறுத்திவிட்டால், அந்த ஆணியைக் கடந்த பிறகு கருவி மீண்டும் விழித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் நாணயம் ஒலியே எழுப்பாமல் போய்விடும். நீங்கள் கேட்பது அமைதி, எனவே அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்து நடந்துவிடுவீர்கள். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: ஒரு பலகையில் நாணயத்தை வைத்து, அதைச் சுற்றிக் கைவிரல் நீளத் தொலைவுகளில் சில துருப்பிடித்த ஆணிகளை வையுங்கள், இரும்பை நிறுத்தியும் நிறுத்தாமலும், வெவ்வேறு திசைகளிலிருந்தும் சுருளை வீசுங்கள். காற்றில் செய்யும் ஆழச் சோதனையைவிட இந்தப் பலகை கருவியைப் பற்றி அதிகம் சொல்லும்.

'மீட்சி வேகம்' என்று கையேடுகளில் வரும் அமைப்பு இதற்காகத்தான் இருக்கிறது. அதை உயர்த்தினால் அருகருகே கிடக்கும் பொருள்கள் தனித்தனியாக ஒலிக்கும், ஆழம் சற்றுக் குறையும். ஆணி நிறைந்த உங்கள் வயலில் அதை உயர்த்தியே வையுங்கள். சுத்தமான புல்வெளியில் தாழ்த்திக்கொள்ளலாம். இரும்புக்குத் தாழ்ந்த தடித்த ஒலி, மற்ற உலோகங்களுக்கு உயர்ந்த ஒலி என்று பிரித்துக்கொண்டு, இரும்பை ஒலிக்கவே விடுங்கள். முதலில் காது வலிக்கும். சில வாரங்களில் அந்த முணுமுணுப்புக்கு நடுவே வரும் ஒரு கீச்சொலியைக் காது தானாகவே பொறுக்கி எடுத்துவிடும்.

எண்கணியன் எழுதியது:

இரும்புக்காது அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் புதியவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது என்றே கருதுகிறேன். நாள் முழுவதும் ஆணிகளின் உறுமலைக் கேட்டுக்கொண்டு நடக்கச் சொன்னால் அவர் விரைவிலேயே கருவியைப் பரணில் போட்டுவிடுவார். திரையில் வரும் இலக்கு எண்ணைப் பார்த்து, குப்பை விழும் எண்களை மறைத்துவிட்டு, மீதியைத் தோண்டினால் தொடக்கத்தில் மனநிறைவு கிடைக்கும். இரும்பை மட்டுமல்ல, பானக் கேன்களின் இழுப்பு வளையங்களையும் மறைத்துவிடலாம் அல்லவா?

இரும்புக்காது எழுதியது:

இழுப்பு வளையத்தை மறைப்பதுதான் நான் கடுமையாக எதிர்க்கும் ஒன்று. கருவி உலோகத்தின் பெயரை அறிவதில்லை. ஒரு பொருளில் சுழல் மின்னோட்டம் எவ்வளவு எளிதாக ஓடி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை மட்டுமே அறிகிறது. அது பொருளின் மின்கடத்தும் திறனையும் பருமனையும் தடிப்பையும் வடிவத்தையும் சேர்த்த ஒரே விடை. தூய தங்கம் நன்றாக மின்கடத்துவதுதான். செம்பும் வெள்ளியும் கலந்து நகையாகும்போது அந்தத் திறன் கடுமையாகக் குறைந்துவிடுகிறது. அதனால் மெல்லிய மோதிரம் அலுமினியத் தாளின் எண்ணிலும், நடுத்தர மோதிரம் இழுப்பு வளையத்தின் எண்ணிலும் வந்து உட்காரும். அந்த எண்களை மறைப்பவர் தங்கத்தையும் மறைக்கிறார். நாணயம் மட்டும் போதும், மோதிரம் வேண்டாம் என்பவர் தாராளமாக மறைத்துக்கொள்ளட்டும்.

புதியவரின் பொறுமையைப் பற்றி எண்கணியன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இடைவழி ஒன்று உண்டு: இரும்பை முழுவதும் நிறுத்தாமல், இரும்புக்குரிய ஒலியளவைத் தனியாகக் குறைக்கும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. ஆணிகள் மெல்லக் கேட்கும், மறைக்கப்படமாட்டா. அந்த வசதி உள்ள கருவியையே மண்வாசகன் தேர்ந்தெடுக்கட்டும்.

எண்கணியன் எழுதியது:

இரும்பின் ஒலியளவைக் குறைப்பது எனக்கும் ஏற்புடையதே. மோதிரத்தைப் பற்றியும் மறுக்கவில்லை. ஆனால் எஃகு பாட்டில் மூடிகளுக்கு என்ன செய்வது? அவை இரும்புதான், ஆனாலும் நாணயத்தின் எண்ணைக் காட்டுகின்றனவே.

சுருள்விரும்பி எழுதியது:

தட்டையான இரும்புத் தகடு, அகன்ற பரப்பில் சுழல் மின்னோட்டத்தை நன்றாக ஓட விடுவதால் கருவியை ஏமாற்றும். பெரிய இரும்புத் துண்டும் அப்படியே. இரண்டு சுருள்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும் டி.டி. வகைச் சுருளில் இதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. இலக்கின் மேல் சுருளைக் குறுக்காக ஆட்டிக்கொண்டே மெல்லப் பின்னோக்கி இழுங்கள்; சுருளின் முன்விளிம்பை நெருங்கும்போது மூடியின் ஒலி உடைந்து இரும்பின் உறுமல் கலந்து வரும், நாணயத்தின் ஒலியோ சுத்தமாகவே தேய்ந்து மறையும். ஆணிக்கு வேறு சோதனை: 90 பாகை திரும்பி நின்று மறுபடி வீசினால் ஆணியின் போலி ஒலி பெரும்பாலும் காணாமல் போகும் அல்லது இடம் மாறும்.

இங்கேயே சுருளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே மையம் கொண்ட வட்டச் சுருள்களின் புலம் கூம்பு வடிவில் இறங்கும். இலக்கின் இடத்தைத் துல்லியமாகச் சொல்லவும் பாட்டில் மூடியைக் காட்டிக்கொடுக்கவும் அது வல்லது, ஆனால் அடியில் உள்ள மண்ணை நிறையவே பார்க்கும். டி.டி. வகையில் இரண்டு சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நடுப்பட்டை மட்டுமே முனைப்பாகக் கேட்பதால் அது குறைந்த மண்ணையே பார்க்கிறது. மண்வாசகனின் சிவந்த மண்ணுக்கு டி.டி. சுருளே பொருத்தம். அளவைப் பொறுத்தவரை, கருவியோடு வரும் 28 சென்டிமீட்டர்ச் சுருளை வைத்துத் தொடங்கிவிட்டு, அடுத்ததாக 15 சென்டிமீட்டர் அளவில் சிறியது ஒன்றை வாங்குங்கள். 38 சென்டிமீட்டர்ச் சுருள் தூய்மையான நிலத்தில் ஆழம் தரும். ஆணி நிறைந்த இடத்தில் ஒரே வீச்சில் பல ஆணிகளை ஒன்றாகக் கேட்டுக் குழம்பும், கனிம மண்ணில் மண்ணின் சமிக்ஞையையும் சேர்த்தே பெருக்கும். பெரிய சுருள்தான் ஆழம் என்பது பாதி உண்மை.

மண்வாசகன் எழுதியது:

பல அதிர்வெண் கருவி ஒன்றை 28 சென்டிமீட்டர் டி.டி. சுருளுடன் வாங்கிவிட்டேன். வயலில் இறங்கியவுடன் ஓயாமல் படபடக்கிறது. உணர்திறன் உச்சத்தில் இருக்கிறது. அதைக் குறைத்தால் ஆழம் போய்விடுமே என்று தயங்குகிறேன். எந்த வரிசையில் அமைப்புகளைச் சரிசெய்ய வேண்டும்?

சுருள்விரும்பி எழுதியது:

வரிசை முக்கியம் என்று நீங்களே உணர்ந்தது நல்லது. வீணையில் முதலில் சுருதியை நிறுத்திவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குவார்கள். உணர்திறனை உச்சத்தில் வைத்துத் தொடங்குவது சுருதி சேராமலே உரக்க வாசிப்பதற்குச் சமம்.

முதலில், இரைச்சல் மண்ணிலிருந்து வருகிறதா காற்றிலிருந்து வருகிறதா என்று பிரியுங்கள். சுருளை இடுப்பளவு உயர்த்தி அசையாமல் பிடியுங்கள். அப்போதும் படபடப்பு நிற்கவில்லை என்றால் அது மின்கம்பி, மின்வேலி, அலைபேசி, அல்லது அருகில் இயங்கும் இன்னொரு கருவி ஆகியவற்றின் வேலை. அலைபேசியைப் பையிலிருந்து எடுத்து விமான நிலைக்கு மாற்றுங்கள். பின்னர் சுருளை அசைக்காமல் வைத்துக்கொண்டு இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்துங்கள். கருவி தன் அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்தி, அமைதியான இடத்தைத் தேடிக்கொள்ளும். உயர்த்தியவுடன் அமைதியாகி, தரையில் வீசும்போது மட்டும் படபடத்தால் குற்றவாளி மண்.

அதன் பிறகே தரைச் சமன். முந்தைய படி அதிர்வெண்ணை மாற்றிவிடும் என்பதால் இந்த வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது. உலோகம் ஏதும் இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இதை உறுதி செய்யாமல் ஆணியின் மேலேயே சமன் செய்துவிட்டு நாள் முழுவதும் திணறுபவர்கள் உண்டு. தரைச் சமன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, சுருளைத் தரைக்கு இணையாகவே வைத்து, சுமார் 3 சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டர் வரை மேலும் கீழுமாக ஏற்றி இறக்குங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒலி மாறாமல் இருந்தால் சமன் ஆகிவிட்டது. கைமுறையாகச் செய்யும் கருவியில், சுருளை இறக்கும்போது ஒலி மிக மெல்ல எழும்படி ஒரு மயிரிழை நேர்ப்பக்கம் விட்டுவைப்பது என் வழக்கம். சிறு இலக்குகள் சற்று நன்றாகக் கேட்கும். தானாகவே தொடர்ந்து சமன் செய்யும் வசதியை, சில அடிகளுக்கு ஒருமுறை மண் மாறும் நிலத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே இலக்கின் மேல் பலமுறை சுருளை ஆட்டும்போது அந்த இலக்கையே மண் என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடும் குணம் அதற்கு உண்டு.

உணர்திறன் கடைசியில். நடுத்தர அளவில் தொடங்கி, படபடப்பு தலைகாட்டும் வரை ஏற்றி, அங்கிருந்து ஒன்றிரண்டு படி இறக்கிவிடுங்கள். ஆழம் போய்விடும் என்ற உங்கள் அச்சம் காற்றுச் சோதனையில் மட்டுமே செல்லும். உங்கள் மண்ணில் உணர்திறனை ஏற்றினால் மண்ணின் சமிக்ஞையும் அதே அளவில் ஏறுவதால் நாணயத்துக்கு ஒரு பயனும் இல்லை. படபடப்புக்குள் புதைந்த மெல்லிய ஒலியைக் காதால் எடுக்க முடியாது; இரண்டு படி இறக்கிய கருவி, உச்சத்தில் வைத்த கருவியைவிட ஆழமாகப் போவதைக் கனிம மண்ணில் நீங்களே கேட்பீர்கள்.

மின்பொறி எழுதியது:

மூன்று சிறு குறிப்புகள். சுருளின் கம்பியைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். தொங்கும் கம்பி சுருளின் அருகே ஆடினாலே போலி ஒலி எழும். வீச்சின் இரு முனைகளிலும் சுருள் மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் அங்கே தரைச் சமன் கலையும், ஆழமும் வீணாகும். வீச்சுக்கு வீச்சு பாதிச் சுருள் அகலம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்.

ஹெட்ஃபோனையும் கவனியுங்கள். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி 200 மில்லிவினாடி வரைகூடத் தாமதமாகலாம். சுருள் நொடிக்கு ஒரு மீட்டர் நகர்கிறது என்றால், ஒலி காதுக்கு வருவதற்குள் அது 20 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். சுமார் 40 மில்லிவினாடிக்குள் ஒலி தரும் தாழ்தாமத வகையையோ கம்பி ஹெட்ஃபோனையோ பயன்படுத்துங்கள்.

மண்வாசகன் எழுதியது:

அருமை. உணர்திறனை இறக்கியதும் கருவி அடங்கிவிட்டது. இரும்பின் ஒலியளவையும் குறைத்துக்கொண்டேன். இப்போது வயல் எனக்குப் புரியத் தொடங்கியிருக்கிறது. அடுத்ததாகக் கடற்கரைக்குச் செல்லவிருக்கிறேன். இதே அமைப்புகளையே வைத்துக்கொள்ளலாமா?

அலைக்கரை எழுதியது:

வேண்டாம். கருவியின் கடற்கரைப் பயன்முறைக்கு மாறுங்கள். பல அதிர்வெண் கருவிகளில் அந்தப் பயன்முறை உப்புக்கென்றே அமைக்கப்பட்டது. ஒற்றை அதிர்வெண்ணுக்கு மாற்றும் வசதி இருந்தாலும் ஈர மணலில் அதைத் தொடாதீர்கள். காய்ந்த மணலில் தேடிவிட்டு ஈர மணலுக்கு இறங்கியவுடன் மறுபடியும் தரைச் சமன் செய்யுங்கள். காய்ந்த மணலையும் ஈர மணலையும் மாறி மாறிக் கடக்கும்படி நீரை நோக்கி நேராக நடந்தால் கருவி ஓயாமல் தடுமாறும். நீர்க்கோட்டுக்கு இணையாகவே நடங்கள். உணர்திறனை வயலில் வைத்ததைவிடவும் இறக்கி, வீச்சையும் மெதுவாக்குங்கள். அலை சுருளின் மேல் ஏறி இறங்கும் இடத்தில் வரும் குறுக்கொலிகளைப் பொருட்படுத்த வேண்டாம். இரு திசையிலும் மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் வரும் ஒலியை மட்டும் தோண்டுங்கள். அலுமினியத் தாளின் எண்ணில் வந்தாலும் தோண்டுங்கள், காரணத்தை இரும்புக்காது மேலே சொல்லிவிட்டார்.

திரும்பி வந்ததும் கருவியை நன்னீரில் கழுவி, சுருளின் அடியில் மாட்டியிருக்கும் பாதுகாப்பு உறையைக் கழற்றி உள்ளேயும் கழுவுங்கள். அதற்குள் தங்கும் கறுப்பு மணல் சுருளோடு சேர்ந்தே பயணம் செய்து, அடுத்த முறை வயலில் காரணமே தெரியாத படபடப்பைக் கிளப்பும்.